டிஸ்ப்ளே அசெம்பிளி: 62,400 ரூபாய்

பொதுத்துறை இன்ஷூரன்ஸ் கம்பெனி ஒன்றில், மோட்டார் கிளெய்ம் பிரிவில் 31 வருஷம் குப்பை கொட்டியவன் நான். ரிடையர் ஆகி ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. ஆனாலும் கோயமுத்தூரில் தெரிந்தவர் யார் கையிலாவது கார் ரிப்பேர் எஸ்டிமேட் கிடைத்தால், அது எப்படியோ சுற்றி என் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். "சும்மா ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க" என்பார்கள். நானும் காபியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பேன். பழக்கதோஷம்.

முன்பெல்லாம் அந்தக் காகிதத்தில் என் கண் முதலில் போகிற இடம் பானெட், ஃபெண்டர், ரேடியேட்டர், கியர் பாக்ஸ். அங்கேதான் பணம் இருக்கும், வம்பும் இருக்கும். இப்போது கொண்டு வருகிற எஸ்டிமேட்டுகளில் பல, இடித்த காருக்கானதே இல்லை. காருக்கு ஒரு கீறல் கூட இல்லை. இன்ஜின் ஜம்மென்று ஓடுகிறது. ஆனால் தொகை மட்டும் ஒரு மாதப் பென்ஷனைத் தாண்டி நிற்கிறது. காரணம் ஒரே ஒரு வரி: 'டிஸ்ப்ளே அசெம்பிளி'. அதாவது டேஷ்போர்டு நடுவில் சின்ன டி.வி. மாதிரி உட்கார்ந்திருக்கிறதே, அந்தத் தொடுதிரை.

காருக்குள் திரை இருப்பதற்கு நான் எதிரி இல்லை. கழுத்தைத் திருப்பினால் வலிக்கிற வயதில் ரிவர்ஸ் கேமரா எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். வழி காட்டும் மேப்பும் அப்படித்தான். என் கோபம் வேறு இடத்தில். 15 வருஷம் ஓட வேண்டிய ஒரு பொருளின் நட்ட நடுவில், ஐந்தாறு வருஷத்தில் கெட்டுப்போகக்கூடிய ஒன்றைப் பதித்து, ஏ.சி.யிலிருந்து எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுபோய் வைத்து, அது கெட்டால் முழுசாகத்தான் வாங்க வேண்டும், எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்று சொல்கிறார்களே, அது நியாயமே இல்லை என்பது என் கட்சி.

ரேஸ்கோர்ஸில் காலையில் எங்களோடு நடக்கிற ஒருவர், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எல்லோருக்கும் எச்.எம். சார். அவருடைய கார் வாங்கி ஆறு வருஷம் முடிந்து ஏழாவது நடக்கிறது. 41,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஏப்ரல் மாதம் அந்தத் திரைக்குப் பேய் பிடித்தது. முதலில் ரேடியோ தானாக ஸ்டேஷன் மாறியது. பிறகு யாரும் தொடாமலே போன் போட ஆரம்பித்தது. அதுவும் யாருக்கு? ஈரோட்டில் இருக்கும் சம்பந்திக்கு. காலை ஏழு மணிக்கு மூன்று முறை கால் போயிருக்கிறது. அவர்கள் பதறிப்போய் "என்னங்க, எல்லாம் சௌக்கியம்தானுங்களே?" என்று திருப்பிக் கூப்பிட, இவர் என்னவென்று சொல்வார்?

அதுவரைக்கும் சிரிப்பு. அடுத்த வாரம் ஏ.சி. தானாக ஏறி, உச்ச வெப்பத்தில் போய் நின்றுகொண்டது. அந்த மாடலில் ஏ.சி.க்கு என்று தனியாக ஒரு நாப் கிடையாது, எல்லாம் திரைக்குள். ஏப்ரல் வெயிலில் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்கு, கண்ணாடி நான்கையும் இறக்கிவிட்டு, ஊதுகிற சூடு காற்றோடு போய் வந்தார்கள். அவர் மனைவிக்கு பிரஷர் உண்டு.

சர்வீஸ் சென்டரில் 62,400 ரூபாய் எஸ்டிமேட் போட்டுக் கொடுத்தார்கள். எச்.எம். சார் விடவில்லை. "படம் நல்லாத்தானே தெரியுது? தொடுற கண்ணாடிதானே கெட்டிருக்கு? அதை மட்டும் மாத்துங்க" என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்த பையன் மரியாதையாகத்தான் பதில் சொன்னானாம். "அது தனியா வராதுங்க சார். அசெம்பிளியாத்தானுங்க வரும். நாங்க பிரிக்கக் கூடாதுங்க."

அவன் சொன்னது பொய் இல்லை. அவன் கையில் இருக்கும் பார்ட் லிஸ்ட்டில் அந்தக் கண்ணாடிக்குத் தனி நம்பரே கிடையாது. நம்பர் இல்லாத பொருளை அவன் எப்படி ஆர்டர் போடுவான்?

இந்தத் திரை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் இந்த அநியாயம் புரியும். மேலே ஒரு கண்ணாடி. அதன் அடியில் விரல் தொடுவதை உணரும் ஒரு மெல்லிய அடுக்கு. நம் விரலில் இருக்கும் ஈரமும் மின்கடத்தும் தன்மையும் அந்த அடுக்கின் மின்புலத்தைக் கொஞ்சம் மாற்றும், அதை வைத்து எங்கே தொட்டோம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளும். அதற்கும் அடியில் படம் காட்டும் எல்.சி.டி., கடைசியில் வெளிச்சம் தரும் விளக்கு. பழைய திரைகளில் தொடு அடுக்குக்கும் எல்.சி.டி.க்கும் நடுவே காற்று இடைவெளி இருக்கும், பிரிப்பது சுலபம். இப்போது வருகிறவற்றில் பலவற்றைத் தெளிவான பசை ஊற்றி ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். வெயிலில் படம் பளிச்சென்று தெரியும், பிரதிபலிப்பு குறையும். பார்க்க அழகு. ஆனால் லேமினேஷன் போட்ட எஸ்.எஸ்.எல்.சி. சர்ட்டிபிகேட் மாதிரி, பிறகு பிரிக்க நினைத்தால் உள்ளே இருப்பதும் சேர்ந்து கிழியும்.

வெளியே 38 டிகிரி இருக்கும் ஒரு நாளில், மூடி வெயிலில் நிறுத்திய காரின் டேஷ்போர்டு ஒரு மணி நேரத்தில் 70 டிகிரியை நெருங்கும். நம் ஊரில் அது வருஷத்தில் பல மாதம் நடக்கிற விஷயம். வருஷக் கணக்கில் இப்படிச் சூடாகி, ராத்திரியில் குளிர்ந்து, மறுபடி சூடாகி வந்தால் பசை என்ன ஆகும்? ஓரத்தில் குமிழ் விடும், மஞ்சளிக்கும், அடுக்கு விலகும். விலகிய இடத்தில் விரல் வைத்த மாதிரி திரைக்கு ஒரு பிரமை. அதுதான் எச்.எம். சார் வீட்டுப் பேய். இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. அமெரிக்காவில் கேடிலாக் என்றால் பணக்காரர் வண்டி. அதில் 2013 மாடலிலிருந்து வந்த திரைகளில் பலவற்றில் சிலந்தி வலை மாதிரி விரிசல் ஓடி, வழக்கு வரைக்கும் போனார்கள். அங்கேயும் கம்பெனி முழுசாக மாற்றச் சொன்னது. ஆனால் கெட்ட அடுக்கை மட்டும் வெளியில் வாங்கித் தாங்களே மாற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

திரைக்குப் பின்னால் ஒரு கம்ப்யூட்டர் போர்டு இருக்கிறது. அது கெட்டாலும் இதே கதைதான். இதற்கு டெஸ்லா விஷயத்தைச் சொல்ல வேண்டும். 2021 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 டெஸ்லா கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்ய வேண்டி வந்தது. 2012 முதல் 2018 தொடக்கம் வரை செய்த மாடல் எஸ், 2016 முதல் 2018 தொடக்கம் வரை செய்த மாடல் எக்ஸ். அவற்றின் திரைக் கம்ப்யூட்டரில் 8 ஜி.பி. மெமரி சிப் ஒன்று இருந்தது. அந்த வகைச் சிப்பில் இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு கணக்கு உண்டு. கார் ஓட ஓட அது ஓயாமல் குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கும். ஐந்தாறு வருஷத்தில் சிப் தேய்ந்துவிட்டது. சிப் போனால் திரை இருட்டு. ரிவர்ஸ் கேமரா போச்சு, முன்கண்ணாடியில் படியும் பனியை நீக்கும் வசதியும் போச்சு. அதனால் இது பாதுகாப்புக் குறை என்று அங்கத்திய அரசு அமைப்பு அழுத்திக் கேட்டது.

அப்போது டெஸ்லா கொடுத்த பதில்தான் எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த மாதிரிப் பாகங்கள் காரின் ஆயுள் முழுக்க உழைக்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்குக் கட்டுபடியாகாது என்பது அதன் சாரம். ஒரு விதத்தில் அவர்களைப் பாராட்ட வேண்டும். மற்ற கம்பெனிகள் வாய் திறந்து சொல்லாததை எழுத்தில் சொல்லிவிட்டார்கள்.

நம் ஊரில் புதுக் காருக்கு ஆர்.சி. எத்தனை வருஷத்துக்குத் தருகிறார்கள்? 15 வருஷம். ரோடு டாக்ஸும் ஆயுட்கால வரி என்று ஒரே தவணையில் வாங்கிக்கொள்கிறார்கள். வாரண்டி பல கம்பெனிகளில் 3 வருஷம், கூடுதல் பணம் கட்டினால் இன்னும் சில வருஷம். அதற்கும் ஆர்.சி. முடிவதற்கும் நடுவே இருக்கும் எட்டுப் பத்து வருஷம் அந்தத் திரைக்கு யார் பொறுப்பு?

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். இது என் சொந்தப் பேட்டை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் எடுக்கும் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில் விலக்குகள் என்று ஒரு பகுதி உண்டு. பொடி எழுத்து, யாரும் படிப்பதில்லை. அதில் தேய்மானம், இயந்திரக் கோளாறு, மின் கோளாறு ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்று தெளிவாக எழுதியிருக்கும். திரை தானாகக் கெட்டால் அது மின் கோளாறு. ஒரு பைசா பெயராது. விபத்தில் உடைந்தால், திருடன் கண்ணாடியை உடைத்துப் பிடுங்கிக்கொண்டு போனால், அப்போது கிளெய்ம் உண்டு.

அதிலும் ஒரு சிக்கல். பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்கும்போது கண்ணாடிக்கு ஒன்றும் கழிக்க மாட்டார்கள். பிளாஸ்டிக், ரப்பருக்கு 50 சதவீதம் கழிப்பார்கள். உலோகத்துக்கு வண்டியின் வயதைப் பொறுத்து. சரி, இந்தத் திரை கண்ணாடியா, பிளாஸ்டிக்கா, உலோகமா? மூன்றும்தான். நான் சர்வீஸில் இருந்த கடைசி வருஷங்களில் இதை வைத்துச் சர்வேயர்களுக்கும் டீலர்களுக்கும் நடந்த வாக்குவாதங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம். ஜீரோ டெப் எடுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. இன்னொன்று, கம்பெனியில் வராமல் நீங்கள் வெளியில் வாங்கிப் பொருத்திய திரையை பாலிசியில் தனியாகக் குறிப்பிட்டு, அதற்கு உரிய பிரீமியம் கட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் திருடு போனாலும் அதற்குக் கிளெய்ம் இல்லை. வருஷா வருஷம் ரெனியூ செய்யும்போது ஏஜெண்டிடம் இதை ஒரு வார்த்தை கேளுங்கள்.

விலை ஒரு பக்கம் இருக்கட்டும். ஏ.சி.யையும் வைப்பர் வேகத்தையும் திரைக்குள் வைப்பது ஓட்டுகிறவருக்கு என்ன சுகம் தருகிறது? பழைய காரில் ஏ.சி. நாப் எங்கே என்று கண் பார்க்க வேண்டாம், கைக்குத் தெரியும். திரையில் எல்லா இடமும் ஒரே வழவழப்பு. பார்த்துத்தான் தொட வேண்டும். நம் வயதில் பைஃபோகல் கண்ணாடி வேறு. ரோட்டைப் பார்க்க மேல் பாதி, திரையைப் பார்க்கக் கீழ் பாதி. போதாததற்கு வயதானால் விரல் நுனி வறண்டுபோகிறது. வறண்ட விரலைத் தொடுதிரை சரியாக உணராது. இரண்டு மூன்று முறை தட்ட வேண்டியிருக்கிறது. அதற்குள் முன்னால் போகிற டவுன் பஸ் பிரேக் போட்டிருப்பான்.

2022-இல் ஸ்வீடன் நாட்டுக் கார் பத்திரிகை ஒன்று ஒரு சோதனை நடத்தியது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டே சூட்டைக் கூட்டுவது, ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவது போன்ற சில சாதாரண வேலைகளைச் செய்ய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். பதினொரு புதுக் கார்கள், ஒப்பிட ஒரு பழைய 2005 மாடல் வோல்வோ. அந்தப் பழைய வோல்வோவில் எல்லாம் பட்டனும் நாப்பும்தான். 10 விநாடியில் முடிந்தது, கார் அதற்குள் 306 மீட்டர் போயிருந்தது. கடைசி இடம் பிடித்த புதுக் காரில் அதே வேலைகளுக்கு 44.9 விநாடி. கார் அதற்குள் 1,372 மீட்டர் போய்விட்டது. ஒன்றேகால் கிலோமீட்டருக்கு மேல்! காந்திபுரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அப்படி ஓட்டிப் பாருங்கள்.

ஐரோப்பாவில் இதை உணர ஆரம்பித்துவிட்டார்கள். காருக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்டு லைட், வைப்பர், ஹார்ன், அவசர உதவி அழைப்பு இவற்றுக்குக் கையால் இயக்கும் தனி பட்டன் இல்லாத கார்களுக்கு மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஃபோக்ஸ்வாகன் கம்பெனியின் வடிவமைப்புத் தலைவர், முக்கியமான ஐந்து வேலைகளுக்கு இனி பட்டன்தான், அதைத் திரைக்குள் வைத்த தப்பைத் திரும்பச் செய்ய மாட்டோம் என்று 2025-இல் பேட்டியே கொடுத்தார். நம் பாரத் என்கேப் 2023-இல் ஆரம்பித்தது. இங்கும் அப்படி ஒரு விதி வர வேண்டும். ஏ.சி.யையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பேன். நம் வெயிலுக்கு அது சொகுசு இல்லை.

இதற்கிடையில் ஒரு வேடிக்கை. காருக்குள் தொடுதிரை ஒன்றும் புதுசு இல்லை. 1986-லேயே அமெரிக்காவில் பியூக் ரிவியரா என்ற காரில் வைத்தார்கள். பழைய டி.வி. மாதிரி குழாய்த் திரை, பச்சை எழுத்து, ஏ.சி.யும் ரேடியோவும் அதற்குள்ளேதான். வாங்கினவர்கள் புலம்பித் தள்ள, 1990 மாடலில் எடுத்துவிட்டார்கள்.

எச்.எம். சார் கதைக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், வாரண்டி முடிந்த வண்டிக்கு 62,400 கொடுக்கும் முன் இன்னொரு இடத்தில் காட்டச் சொல்வேன். சொன்னேன். கோயமுத்தூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பம்ப் செட் ஆனாலும் மில் மெஷின் ஆனாலும், உடைந்த பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ஒரு லேத் பட்டறைக்குப் போனால் சாயங்காலத்துக்குள் அதே மாதிரி ஒன்றைக் கடைந்து கொடுக்கிற ஊர் இது. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் எத்தனை பாகம் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கி வந்து போட்டிருக்கிறோம்! ஆனால் திரையை லேத்தில் கடைய முடியாதே.

நல்ல காலம், செல்போன் ரிப்பேர் செய்து பழகின ஒரு தம்பி, இப்போது கார் திரைகளையும் பார்க்கிறான் என்று கேள்விப்பட்டோம். சின்னக் கடைதான். பத்துக்குப் பத்து அறை, ஒரு மைக்ரோஸ்கோப், கண்ணாடியைச் சூடாக்கும் ஒரு தட்டு. நாங்கள் போனவுடன் அவன் முதலில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. திரை மேல் ஒட்டியிருந்த ஸ்கிரீன் கார்டைப் பிரித்து எடுத்தான். சார்ஜரைக் கழற்றச் சொன்னான். ப்யூஸ் பார்த்தான். பின்னால் கனெக்டர் லூசாக இருக்கிறதா என்று பார்த்தான். "பாதி வண்டி இதுலயே சரியாயிரும்ங்க சார். மட்டமான சார்ஜர் போட்டாக்கூட டச் பைத்தியம் பிடிச்ச மாதிரி ஆடும்" என்றான். சர்வீஸ் சென்டரில் இதில் எதையும் யாரும் செய்யவில்லை.

எச்.எம். சார் வண்டி அந்தப் பாதியில் இல்லை. தொடு அடுக்கு போயிருந்தது. டில்லியிலிருந்து வரவழைத்து, சூடு காட்டி, மெல்லிய கம்பியால் பசையை அறுத்துப் பிரித்து, புது அடுக்கை ஒட்டிக் கொடுக்க ஐந்து நாள். கூலியும் பொருளும் சேர்த்து 9,500 ரூபாய். ஆறு மாதம் ஆகிறது, ஒழுங்காக வேலை செய்கிறது. இடது மூலையில் உள்ளே ஒரு சின்னத் தூசி மாட்டிக்கொண்டிருக்கிறது. எச்.எம். சாருக்கு அது தெரிந்துகொண்டே இருக்கிறது. மற்ற யாருக்கும் தெரியவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் உடனே வெளிக்கடைக்கு ஓட வேண்டாம். வாரண்டி இருக்கும் வண்டியில் வெளியாள் கை வைத்தால், அந்தப் பாகத்துக்கு வாரண்டி தரமாட்டேன் என்பார்கள். டேஷ்போர்டுக்குள் ஏர்பேக் ஒயர்களும் ஓடுகின்றன. பேட்டரியைக் கழற்றாமல் டேஷ்போர்டில் ஸ்க்ரூ டிரைவர் வைக்கிற ஆளிடம் வண்டியை விடாதீர்கள். அந்தத் தம்பிக்கும் எல்லை உண்டு. அவனே சொன்னான்: "கண்ணாடி போனா நான் பாத்துக்குவேனுங்க. உள்ள போர்டு போச்சுன்னா என்னால ஆகாது. பழைய வண்டியில இருந்து எடுத்துப் போட்டாக்கூட, கம்பெனி சாஃப்ட்வேர்ல அந்த வண்டி நம்பரோட கோடிங் பண்ணாம ஆன் ஆகாதுங்க. அந்த சாஃப்ட்வேரை எனக்குத் தரமாட்டாங்க."

விஷயத்தின் ஆணிவேர் இதுதான். வேலை தெரிந்த கை இருக்கிறது. பொருளும் உலகத்தில் எங்கோ இருக்கிறது. நடுவில் பூட்டு.

இந்தப் பூட்டைப் பற்றி நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு தீர்ப்பு உண்டு என்பது பலருக்கு ஞாபகம் இருக்காது. ஒரு தனிமனிதர் மூன்று கார் கம்பெனிகள் மேல் புகார் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸையும், கோளாறு கண்டுபிடிக்கும் கருவிகளையும் வெளிச்சந்தையில் கிடைக்க விடுவதில்லை என்பது புகார். இந்தியப் போட்டி ஆணையம் விசாரணையை மற்ற கம்பெனிகளுக்கும் விரித்து, 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் கம்பெனிகளுக்குச் சேர்த்து ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பாகங்களையும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்றும் சொன்னது. பிறகு மேல்முறையீடு, அபராதக் குறைப்பு என்று வழக்கு நீண்டுகொண்டே போனது. 2014-இல் சாதாரணக் காரில் இவ்வளவு பெரிய திரை ஏது? அன்று பேச்சு பம்பரையும் ஹெட்லைட்டையும் பற்றி. இன்று அதே வியாதி பத்து மடங்கு விலையில் வந்திருக்கிறது.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை' பற்றி ஆராய ஒரு குழு போட்டது. விவசாயக் கருவிகள், செல்போன், வீட்டு உபயோகப் பொருள்கள் இவற்றோடு வாகனங்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். அந்த டிசம்பரிலேயே ஒரு இணையதளமும் தொடங்கினார்கள். நல்ல ஆரம்பம், மறுக்கவில்லை. ஆனால் சர்வீஸ் சென்டர் முகவரியும் வாரண்டி விவரமும் ஒரே இடத்தில் கிடைப்பது வேறு, கண்ணாடி தனியாக விலைக்குக் கிடைப்பது வேறு. எனக்கு வேண்டியது சட்டத்தில் மூன்றே வரி. தொடு அடுக்கு, எல்.சி.டி., போர்டு மூன்றுக்கும் தனித்தனி நம்பர், தனித்தனி விலை. ஆர்.சி. காலமான 15 வருஷமும் அவை கிடைக்க வேண்டும். லைசென்ஸ் உள்ள எந்தப் பட்டறைக்கும் கோடிங் செய்யும் சாஃப்ட்வேர் நியாயமான கட்டணத்தில் தர வேண்டும்.

கம்பெனிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். கோடிங்கைத் திறந்துவிட்டால் திருட்டு வண்டிப் பாகங்கள் சந்தைக்கு வரும், பாதுகாப்பும் கெடும் என்று. திருட்டு கிளெய்ம் எத்தனையோ பார்த்தவன் என்ற முறையில் இதை நான் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். திருட்டு ஸ்டீரியோ விற்ற காலம் எனக்கும் தெரியும். ஆனால் போர்டுக்குச் சொல்லும் காரணம் கண்ணாடிக்குப் பொருந்தாது. கண்ணாடியைத் தனியாக விற்பதால் எந்தத் திருடன் பிழைக்கப் போகிறான்?

திரை இருக்கும் வண்டி வைத்திருப்பவர்கள் நிழலில் நிறுத்துங்கள். நிழல் இல்லாவிட்டால் முன்கண்ணாடிக்கு உள்ளே வெயில் மறைப்பு அட்டை வையுங்கள், சில நூறு ரூபாய்தான். திரையை ஈரத் துணியால் தேய்க்காதீர்கள். கோளாறு வாரண்டிக்குள் ஒரு முறை வந்து தானாகச் சரியாகிவிட்டாலும், விட்டுவிடாமல் சர்வீஸ் சென்டரில் ஜாப் கார்டில் எழுத வையுங்கள், வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். வாரண்டி முடிந்த மறுமாதம் அது திரும்ப வரும்போது அந்தக் காகிதம் பேசும். கேட்கவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

புது வண்டி வாங்குகிறவர்கள் மைலேஜும் பூட் ஸ்பேஸும் கேட்பதோடு, திரை அசெம்பிளி என்ன விலை என்றும் கேளுங்கள். போன மாதம் எங்கள் தெருவில் ஒரு அம்மா, பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், புதுக் கார் பார்க்கப் போகும்போது என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். விற்பனைப் பையன் பெரிய திரையைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தான், உள்விளக்கு அறுபத்து நாலு கலரில் மாறுமாம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, இது கெட்டா மாத்த எவ்வளவு ஆகும்?" என்றார். அவன் முழித்தான். இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொன்னான். மேனேஜரைக் கேட்டான், மேனேஜர் சர்வீஸுக்குப் போன் போட்டார், சர்வீஸ் ஸ்பேர் பார்ட்ஸுக்குப் போட்டது. இரண்டு ஜூஸ் வந்தது. நாற்பது நிமிஷம் கழித்து பிரௌஷர் பின்பக்கத்தில் 71,000 என்று எழுதிக் கொடுத்தான்.

"அதுக்குக் கீழ இருக்கிற மாடல்ல?" என்று அந்த அம்மா கேட்டார். அதில் திரை சின்னது, ஏ.சி.க்கு மூன்று நாப் தனியாக இருக்கிறது. அந்தத் திரை 23,000. வண்டி விலையிலேயே ஒரு லட்சத்து முப்பதாயிரம் குறைவு. அவர் அதையே புக் செய்துவிட்டார். டாப் மாடல் என்றால் அடுத்த வாரமே தருகிறோம், இதற்கு ஏழு வாரம் காத்திருக்க வேண்டும் என்றான் பையன். "இருக்கட்டும் தம்பி, எனக்கென்ன ஆபீஸா?" என்றார்.